மண் மேல் போட்ட பழி

அமெரிக்கத் தேர்தல் முடிவுகளை மாவட்டவாரியாக நிறம் தீட்டிக் காட்டும் வரைபடங்களில், தெற்கே அலபாமா மாநிலத்தின் குறுக்காக ஒரு வளைந்த பட்டை தெரியும். சுற்றிலும் ஒரு கட்சியின் நிறம். அந்தப் பட்டையில் மட்டும் மற்றொரு கட்சியின் நிறம். மேற்கே மிசிசிப்பிக்குள் அது வளைந்து ஏறும். அந்தப் படத்தை எடுத்து நிலவியல் வரைபடத்தின் மேல் வைத்தால் இரண்டும் ஏறக்குறையப் பொருந்திவிடும். கிரட்டேசியஸ் காலத்தில் அங்கே கடற்கரை இருந்தது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவின் மேல் கறுத்த, வளமான மண் உண்டானது. அந்த மண்ணில் பருத்தி விளைந்தது. பருத்திக்காக அடிமைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பெருமளவில் அங்கேயே வாழ்கிறார்கள். அவர்கள் போடும் வாக்குதான் அந்தப் பட்டையின் நிறம். இந்த விளக்கத்தை முதலில் படித்தபோது வியந்து போனேன். ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த கடலுயிர்கள் நேற்றைய வாக்குப்பெட்டியைத் தீர்மானிக்கின்றன என்று சொல்வதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆனால் அந்த வியப்புக்கு அடியில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உண்மைதான். ஆனாலும் முழுச் சங்கிலியைப் பார்க்கும்போது அதில் ஓர் ஆள்கூடக் கண்ணில் படவில்லை. கடல் செய்தது, சுண்ணாம்பு செய்தது, மண் செய்தது, செடி செய்தது. சாட்டையைப் பிடித்த கை எங்கே, பத்திரம் எழுதிய கை எங்கே?

எனக்கு இது தொலைதூரச் சங்கதியாகப் படாததற்குக் காரணம் ஆலத்தியூர். அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கம் இருக்கும் இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் சிமென்ட் ஆலையை வைத்துத்தான் அறிவார்கள். அந்த ஆலை இங்கே வந்ததற்கும் அதே கிரட்டேசியஸ் கடல்தான் காரணம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை, நிலத்தைப் பல இடங்களில் ஆழமாகத் தோண்டினால் கடல் வரும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் கல்மரம், காரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் விரல்நீளத்துக்குப் பொறுக்கக் கிடைக்கும் புதைபடிவங்கள், கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் அடுக்கடுக்காய்ச் சிப்பி ஓடுகள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி பிளான்போர்ட் இந்தப் பாறைகளை அளந்து எழுதியதும், ஸ்டோலிக்ஸ்கா இங்கிருந்து போன ஓடுகளுக்குப் பெயர் வைத்ததும் உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கிற விஷயம். அந்தப் படிவின் மேல் பல இடங்களில் கிடப்பது கரிசல். மழை பெய்தால் செருப்போடு காலைப் பிடித்து இழுக்கும். நடக்க நடக்க அடியில் அப்பி, ஆள் ஒரு சாண் உயர்ந்துவிடுவார். சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும், அடியில் விரலுக்குக் குளிர்ச்சி தட்டும். கொல்லை ஓரத்தில் உழவு மாடு அந்த வெடிப்பில் கால் மாட்டிக்கொண்ட கதை ஊருக்கு ஊர் உண்டு. இந்த மண்ணில் சோளம், கம்பு, மல்லி, பருத்தி எல்லாம் மானாவாரியாக விளைந்தன. இப்போது மக்காச்சோளமும் பருத்தியும். ஆக, அதே யுகத்துக் கடல், அதே வகைக் கருமண், அதே பயிர். அலபாமாவின் விளக்கம் சரியென்றால் அது இங்கேயும் செல்லுபடியாக வேண்டும்.

செல்லுபடியாகவில்லை என்பதுதான் முதல் செய்தி. 1819-இல் மதராஸ் வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் அவரவர் மாவட்டத்தில் அடிமைகளின் நிலை என்ன என்று கேட்டது. திருச்சிராப்பள்ளிக் கலெக்டராக இருந்த லஷிங்டன் அந்த ஆண்டு ஜூலையில் பதில் எழுதினார். நஞ்சைத் தாலுகாக்களில் சுமார் 10,000 பள்ளர்கள், புஞ்சைத் தாலுகாக்களில் சுமார் 600 பேர் என்பது அவருடைய கணக்கு. புஞ்சையில் குடியானவர்கள் தாங்களே உழுதுகொள்கிறார்கள். நஞ்சையில் மிராசுதார்கள் பிராமணர்கள், அவர்கள் ஏரைத் தொடமாட்டார்கள், ஆகவே பள்ளர்கள் இல்லாமல் அங்கே சாகுபடியே நடக்காது என்று காரணமும் சொன்னார். அடிமைத்தனம் இங்கே கடல் விட்டுப்போன கரிசலில் குடியேறவில்லை. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலில், வாய்க்கால் ஓரத்தில், கோயில் கோபுரம் தெரிகிற தொலைவில்தான் அது இருந்தது. பயிரும் பருத்தியல்ல, நெல். லஷிங்டன் தன் கடிதத்தை எழுதிய அதே 1819-இன் டிசம்பரில்தான் அலபாமா அமெரிக்கக் கூட்டாட்சியில் ஒரு மாநிலமாகச் சேர்ந்தது. ஒரே ஆண்டில், பூமியின் இரண்டு பக்கங்களில், ஒரே வகை மண்ணில் நேரெதிரான இரண்டு வாழ்க்கைகள். மண் தீர்மானிக்கிறது என்றால் இப்படி ஆகியிருக்காது.

இதோடு நிறுத்திக்கொண்டால் புஞ்சைக்காரனுக்கு நிம்மதியாக இருக்கும். எங்கள் மண்ணில் அந்தப் பாவம் இல்லை, அது ஆற்றோரத்தார் பாவம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த 600 என்னை அப்படிச் சொல்ல விடவில்லை. ஒரு கலெக்டர் யாரை எண்ணினார்? விலைக்குப் போகக்கூடியவர்களை, பத்திரத்தில் ஏறக்கூடியவர்களை எண்ணியிருப்பார். மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகப் பத்து வருஷம் ஒரே வீட்டில் படியாளாய்க் கிடந்தவர் அந்தக் கணக்கில் வருவாரா? ஊருக்கு வெளியே சேரியில் இருந்துகொண்டு, செத்த மாட்டை இழுக்கவும், சாவுச் சேதி சொல்லவும், அறுப்புக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடவும் கடமைப்பட்டவர் எந்தத் தனி மிராசுதாருக்கும் அடிமையல்ல, ஊருக்கே கட்டுப்பட்டவர். அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? புஞ்சையில் அடிமைகள் குறைவு என்பதை நான் நம்புகிறேன். அங்கே சுதந்திரம் மிகுதி என்று அதிலிருந்து முடிவு கட்ட எனக்குத் துணிவில்லை. மானாவாரி நிலம் நான்கு மாதம் வேலை கொடுக்கும், எட்டு மாதம் கைவிரிக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் ஓர் ஆளை ஆண்டு முழுதும் சோறு போட்டு வைத்துக்கொள்வது உடையவனுக்கு நஷ்டம். விலைக்கு வாங்காமல் இருந்ததில் கருணைக்கு எவ்வளவு பங்கு, கணக்குக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

அலபாமாவுக்குத் திரும்பினால், அந்தக் கருமண் தானாக யாரையும் கூப்பிடவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. 1814 வரை அந்த நிலம் மஸ்கோகி மக்களுடையது. ஆங்கிலத்தில் கிரீக் என்பார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆண்ட்ரூ ஜாக்சன் அவர்களிடம் எழுதி வாங்கிய ஜாக்சன் கோட்டை உடன்படிக்கையில் இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் கைமாறியது. ஜாக்சனுக்குத் துணையாகப் போரிட்ட கிரீக்குகளின் நிலமும் அதில் சேர்ந்தே போனது. அளந்தார்கள், கட்டம் போட்டார்கள், ஏலம் விட்டார்கள். அதன் பிறகுதான் வர்ஜினியாவிலிருந்தும் மேரிலாண்டிலிருந்தும் கறுப்பின மக்களைச் சங்கிலியில் கோத்து நடத்திக் கொண்டுபோனார்கள். 1790 முதல் 1860 வரை இப்படி உள்நாட்டுக்குள்ளேயே பெயர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860-இல் 40 லட்சத்தை நெருங்கியது. இவ்வளவையும் தாங்கி நின்றது 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசியல் சட்டம். ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு உரிய இடங்களை எஜமானர்களின் மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். வாக்களிக்க முடியாத மனிதனின் உடம்பு அவனுடைய எஜமானனின் வாக்குக்கு எடை கூட்டியது. 1800 ஜனாதிபதித் தேர்தலில் தேர்வாளர் வாக்குகள் ஜெபர்சனுக்கு 73, ஆடம்ஸுக்கு 65. அந்தக் கூடுதல் இடங்கள் இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. முதல் ஐந்து ஜனாதிபதிகளில் நான்கு பேர் வர்ஜினியாவின் அடிமை உடைமையாளர்கள். 1803-இல் ஜெபர்சன் பிரான்சிடமிருந்து லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியபோது, சொந்தக் கையால் உழும் சிறு விவசாயிகளின் நாடு அங்கே விரியும் என்ற கனவு அவருக்கு இருந்தது. வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர் கண்ட கனவு அது. மிசௌரியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று 1820-இல் சண்டை வந்தபோது, புதிய நிலங்களின் குறுக்கே ஓர் அட்சரேகையைக் கிழித்து, இதற்குத் தெற்கே இருக்கலாம், வடக்கே கூடாது என்று தீர்த்துக்கொண்டார்கள். ஓகையோ ஆற்றின் வடகரையிலும் நல்ல மண் இருந்தது. அங்கே 1787-லேயே அடிமை முறை கூடாது என்று எழுதிவிட்டதால் அது வேறு நாடாக வளர்ந்தது. எழுதிய இடத்தில் தடுக்க முடிந்திருக்கிறது. எழுதாமல் விட்டதும், மாற்றி எழுதியதும் மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

யார்க்டவுனில் 1781-இல் அமெரிக்கர்களிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் ஐந்து ஆண்டுகள் கழித்துக் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். ஒரு பேரரசு ஒரு கரையில் சுருங்கியபோது மறு கரையில் விரிந்தது. எங்கள் பக்கத்தில் அந்த விரிவு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1765 ஜனவரியில் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களும் சேர்ந்து அரியலூர் பாளையத்தின் மேலும் உடையார்பாளையத்தின் மேலும் வந்தார்கள். 1801-இல் நவாபின் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் போனது. பாளையக்காரர் ஆட்சியில் குடிகள் நலமாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பெனி அடிமை முறையைக் கண்டுபிடிக்கவும் இல்லை. அது இங்கே இருந்தது, சோழர் கல்வெட்டிலேயே இருந்தது. கம்பெனி செய்தது, இருந்ததைத் தன் வரிப்பேரேட்டுக்குள் எடுத்துக்கொண்டது. மிராசுதாரிடமிருந்து கிஸ்தி தவறாமல் வரவேண்டும். கிஸ்தி வர நாற்று நடவேண்டும். நட ஆள் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். மலபாரில் வரி பாக்கிக்காக அடிமைகளை ஏலம் விடும் வழக்கம் 1819 வரை நடந்தது. அங்கே அரசு நிலத்தைச் சேர்ந்த அடிமைகளின் பேரில் ஆண்டுதோறும் அரசாங்கத்துக்கு வந்துகொண்டிருந்த தொகை 927 ரூபாய் 13 அணா. 1836-இல்தான் அதைக் கணக்கிலிருந்து தள்ளினார்கள். கோடிக்கணக்கில் வருமானம் பார்த்த ஓர் ஆட்சி, 13 அணாவையும் விடாமல் எழுதிவைத்திருந்தது என்பதை நினைக்க நினைக்க ஆறவில்லை. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது கம்பெனியின் நிலப்பரப்பையும் இலங்கையையும் செயின்ட் ஹெலனாவையும் விலக்கி வைத்தது. பத்து ஆண்டு கழித்து 1843-இல் வந்த ஐந்தாம் சட்டம் மிகச் சிறியது. அடிமை என்ற பேரில் ஒருவரை வரி பாக்கிக்கோ கோர்ட்டுத் தீர்ப்புக்கோ விற்கக் கூடாது, அடிமை மீதான உரிமையைக் கோர்ட்டு நிலைநாட்டாது, அடிமை என்று சொல்லி அவர் சம்பாதித்த சொத்தைப் பிடுங்கக் கூடாது, அவரை அடித்தால் மற்றவரை அடித்தது போன்ற குற்றமே. அவ்வளவுதான். நாளை முதல் நீ விடுதலை என்று எந்தச் சேரியிலும் யாரும் தமுக்கடிக்கவில்லை. அமெரிக்காவில் போரும் ஆறு லட்சம் சாவும் தேவைப்பட்ட காரியம் இங்கே சத்தமில்லாமல் முடிந்தது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சத்தமில்லாமல் முடிந்ததா, முடியாததால் சத்தமில்லையா என்பது என் சந்தேகம்.

ஏட்டில் எழுதி ஆளைப் பிடித்துவைப்பதை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட்டு நகரவும் மனம் ஒப்பவில்லை. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதையைச் சிறுவயதிலிருந்து எத்தனை வாயால் கேட்டிருக்கிறோம். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதிய வேதியர் வருகிறார், உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த ஆளோலை இருக்கிறது, நீ என் அடிமை என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை வேறு இருக்கிறது என்று வழக்கு வெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவன் உமக்கு அடிமைதான் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான் என்பதால் நமக்குக் கண்ணீர் வருகிறது. சேக்கிழார் அந்தக் கதையைச் சொன்ன 12-ஆம் நூற்றாண்டில், பாட்டன் எழுதிக்கொடுத்தால் பேரன் அடிமை, ஓலை இருந்தால் சபை அதை ஏற்கும், கிழித்தாலும் மூலம் இருக்கும் என்பதெல்லாம் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத நடைமுறையாக இருந்திருக்கிறது. சுந்தரருடைய ஆட்சேபமும் ஒரு பிராமணன் இன்னொரு பிராமணனுக்கு அடிமையாவது உலகத்தில் உண்டா என்பதுதான். மற்றவர்கள் ஆவதைப் பற்றிப் பந்தலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கதையின் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. இன்றும் அதைக் கேட்டால் எனக்குள் ஏதோ இளகத்தான் செய்கிறது. இளகும்போதே அந்த மூல ஓலையின் சரசரப்பும் காதில் விழுகிறது, இப்போதெல்லாம்.

இரண்டு கருமண்களுக்கும் நடுவே ஒரு நேர்ப்பாதையும் இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஆலைகள் அமெரிக்கப் பருத்தியையே நம்பிக் கிடந்த காலத்தில், இந்தியாவில் அதே பருத்தியை விளைவிக்கலாம் என்று கம்பெனி நினைத்தது. கேப்டன் பேல்ஸ் என்பவரை அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு அனுப்பி, 1840-இல் பத்துத் தோட்டக்காரர்களைக் கூட்டிவந்தது. அவர்களில் சிலர் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தார்கள். கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் சோதனைப் பண்ணைகள் ஓடின. அதாவது, இந்த மாகாணத்தில் ஐந்தாம் சட்டம் வந்த காலத்தில், அடிமைகளை வைத்துப் பருத்தி எடுக்கும் முறையை அங்கே கற்றவர்கள் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பண்ணைகள் பெரிதாக வெற்றி பெறவில்லை. செடி மட்டும் வேறு வேறு வழிகளில் வந்து தங்கிவிட்டது. உப்பம் பருத்தி போன இடத்தில் இன்று பெரம்பலூர்க் கரிசலில் நிற்பது அமெரிக்க இனத்துப் பருத்தியே. தை மாதத்தில் காலை வெயிலில் பெண்கள் வரிசை கட்டி இறங்குவார்கள். முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் எடுத்துப் போட்டபடி போவார்கள். காய்ந்த காம்பிதழின் முனை நகக்கண்ணில் குத்தும். மதியத்துக்குள் விரல்நுனியெல்லாம் கீறல். சாயங்காலம் கொல்லை ஓரத்தில் தராசு தொங்கும், கிலோ கணக்கில் கூலி. சாலமன் நார்த்தப் என்ற சுதந்திர மனிதர் கடத்தப்பட்டு லூசியானாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக இருந்ததை 1853-இல் எழுதினார். அங்கேயும் சாயங்காலம் தராசு இருந்தது. 200 பவுண்டு என்பது நாள் கணக்கு, குறைந்தால் சாட்டை. எங்கள் தராசுக்குப் பின்னால் சாட்டை இல்லை. அந்த வேறுபாடு சின்னதல்ல, அதற்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அந்த இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனாலும், "இது யாரு கொல்லைங்க அக்கா?" என்று ஒருமுறை கேட்டபோது, குனிந்த தலையை நிமிர்த்தாமலே ஒரு பெண், "யாரு பேருல இருக்குன்னு கேக்குறீங்களா தம்பி, யாரு பாடுபடுறாங்கன்னு கேக்குறீங்களா?" என்றார். நான் பட்டாவைத்தான் கேட்டிருந்தேன்.

பட்டாவில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் தென்கரையோர நிலங்களை விடுதலை பெற்றவர்களுக்கு நாற்பது நாற்பது ஏக்கராகப் பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பி, பழைய எஜமானர்களிடமே நிலத்தைச் சேர்ப்பித்தார். இங்கே செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதிக்கு வெளியே விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் எத்தனை ஊர்களில் யார் யார் கைக்கு எப்படிப் போனது என்பது இன்னும் நடந்துகொண்டிருக்கும் வழக்கு. எங்கள் வட்டாரத்தில் அதன் மேல் இன்னொன்றும் சேர்ந்தது. ஆலத்தியூரைச் சுற்றி நிலத்தின் மதிப்பு மேலே இருக்கும் கரிசலிலிருந்து அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கு இறங்கியபோது, விலை பேசப்பட்டது பட்டா உள்ளவரிடம் மட்டும்தான். தலைமுறை தலைமுறையாக அந்தக் கொல்லையில் களை வெட்டியவருக்கும் பருத்தி எடுத்தவருக்கும் விற்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வேலை மட்டும் போயிற்று. அவர்களைக் கேட்டு எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. வருவாய் வாரியத்துக்குப் போன அந்த 1819 கடிதத்தையும், சுரங்கம் போன ஊர்களின் அ-பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சர்வே எண் சர்வே எண்ணாக ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். 600 என்று எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் பெயருக்கு எப்போதாவது ஒரு துண்டு நிலம் ஏறியது, ஏறியதில் எத்தனை இப்போது நூறடிக் குழியாக இருக்கிறது, அந்தக் குழிக்கான பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பது அதில் தெரியவரும். தாலுகா அலுவலகத்தின் பீரோக்களில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன.